நண்பன் தந்த புறாவை அறுத்துப் பார்க்கும் முன் அவனிடம் சொல்ல வேண்டாமா?

தண்டையார்பேட்டை மாடி (சனிக்கிழமை, இரவு 10:40)

அனைவருக்கும் வணக்கம். நாளைக் காலைக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டிய நிலையில் இதை எழுதுகிறேன். புறா வளர்ப்பவர்களும், கெட்டுப்போன பொருளை விற்றவர்களிடம் நியாயம் கேட்டு அலைந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நீளமாக இருந்தாலும் முழுவதையும் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் மாடியில், தொலைவில் திறந்துவிட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வரும் ஹோமர் இனப் புறாக்கள் பதினொன்று இருந்தன. இப்போது ஒன்பதுதான் இருக்கின்றன. வியாழக்கிழமை ஓர் இளம் சேவல் இறந்தது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போய், இறகைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டு நாள் மூலையில் உட்கார்ந்திருந்தது. மழைக்குளிர் என்று நினைத்துவிட்டேன். இன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், பதின்மூன்று வயதான சாம்பல் பெட்டை என் கையிலேயே உயிரை விட்டது. தூக்கியபோது நெஞ்செலும்பு கத்தி முனை போல விரலில் தட்டியது. அது இவ்வளவு இளைத்துப் போகும்வரை என் கண் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

காரணம் தீவனம்தான் என்று நம்புகிறேன். இருபது ஆண்டுகளாக நான் தானியம் வாங்கிய தங்கசாலைக் கடைக்காரர் முதுமையால் தொழிலை விட்டுவிட்டார். சோளத்தை முறத்தில் கொட்டி, ஒரு மணியைப் பல்லில் கடித்து உடைத்துக் காட்டிய பிறகே எடை போடுகிறவர் அவர். வேறு வழியில்லாமல், பதினாறு நாட்களுக்கு முன் இணைய விற்பனைத் தளம் ஒன்றில் பத்துக் கிலோ தானியக் கலவையை 780 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே இருந்த தானியம் சுத்தமாகவே இருந்தது. பாதி மூட்டை தீர்ந்த பிறகு கையை உள்ளே விட்டால் மக்கிய வாடை அடித்தது. மக்காச்சோள மணிகளின் முளைப்பகுதியில் பச்சையும் கறுப்புமாகப் பொடி படர்ந்திருந்தது. பட்டாணி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. பொதி செய்த மாதத்தைக் காட்டும் ஒட்டுத்தாளின் அடியில் இன்னொரு ஒட்டுத்தாள் இருக்கிறது. நகத்தால் நிமிண்டினால் அதன் ஓரம் தெரிகிறது.

வாடிக்கையாளர் சேவையில் மூன்று நாட்களில் நான்கு பேரிடம் பேசினேன். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் படம் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். திரும்பப் பெறும் காலமான ஏழு நாட்கள் முடிந்துவிட்டதால் என் கோரிக்கை மூடப்பட்டதாக இன்று மதியம் குறுஞ்செய்தி வந்தது. அதைப் படித்த ஐந்து மணி நேரத்தில் பெட்டை இறந்தது. எனக்கு அந்த 780 ரூபாய் பெரிதல்ல. அதே மூட்டை இன்னும் எத்தனை மாடிகளுக்குப் போயிருக்கிறதோ என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

இனி நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டை அவனுடையது. நாங்கள் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பதினான்கு வயதில், காசிமேட்டிலிருந்து தலையில் சுமந்து வந்த மீன் பெட்டிப் பலகைகளால் அவன் வீட்டு மாடியில் முதல் கூண்டை அடித்தோம். நெல்லூரில் திறந்துவிடப்பட்ட புறாக்களுக்காக, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் வடக்கு வானத்தைப் பார்த்து நின்ற காலைகள் எத்தனையோ. இந்தப் பெட்டை, குஞ்சாக இருக்கும்போதே காலில் மாட்டும் ஆண்டு வளையத்தில், 2012ஆம் ஆண்டு வளையம் போட்டது. விஜயவாடாவில் திறந்துவிட்ட அன்றே வீடு திரும்பியது. 2016ஆம் ஆண்டின் நடுவில் அவனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. போகும்போது இந்தப் பெட்டையை மட்டும் என்னிடம் தந்தான். வளர்ந்த ஹோமரைத் திறந்துவிட்டால் பழைய கூண்டுக்கே போய்விடும் என்பதால், அதைப் பறக்கவிடாமல் குஞ்சு எடுப்பதற்காகவே வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. எங்கள் வீட்டுச் சிமென்ட் ஷீட் கூரை பறந்துவிட்டது; அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு, முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தேன். அப்போது எப்படியோ தொடர்பு கிடைத்து அவன் பேசினான். முதல் வார்த்தையாக, "புறாக்கள் பத்திரமா?" என்று கேட்டான். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "புறா செத்தால் நானே சொல்கிறேன், அதுவரை என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் அதன்பிறகு கூப்பிடவே இல்லை. ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. புயலில் கூண்டின் கதவு உடைந்து பெட்டை வெளியேறிவிட்டது. இரண்டாம் நாள் தேடிப் போனபோது, பூட்டிக் கிடந்த அவனுடைய பழைய வீட்டு மாடிச் சுவரில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. கைநீட்டியதும் வந்துவிட்டது.

இப்போது அதன் உடல் அட்டைப் பெட்டியில் என் பக்கத்தில் இருக்கிறது. தீவனம்தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டுமானால் அறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் புறாவை அறுக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டுமென்றால், அன்று நான் வாய்விட்ட அதே வார்த்தையை நிறைவேற்றுவதற்காக அழைப்பது போல் ஆகிவிடும். என்ன செய்வது?

கொருக்குப்பேட்டை பெரியவர் (சனிக்கிழமை, இரவு 11:15)

தம்பி, முதலில் உடலைக் காப்பாற்றுங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம். சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வையுங்கள். உறைய வைக்கும் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்தால் ஈரலின் திசு சிதைந்து, மருத்துவருக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கூண்டைக் கூட்டாதீர்கள். காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். 1903ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் இடம் அது. நம் பக்கத்து ஆடு, மாடு, நாய், கோழி, புறா எல்லாவற்றுக்கும் இன்றுவரை அதுதான் கதி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அறுத்துப் பார்க்கும் பிரிவு திறந்திருக்குமா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது ஆண்டுகளாகப் புறா வளர்ப்பவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்: தீவனம்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். பச்சைத் தண்ணீராக எச்சம் போவது கழுத்துத் திருகல் நோயின் தொடக்கத்திலும் வரும்; அது வைரஸ் நோய், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். அப்படியிருந்தால் மீதியுள்ள ஒன்பதுக்கும் ஆபத்து. அறுத்துப் பார்ப்பது வழக்குக்காக மட்டும் அல்ல, உயிரோடு இருப்பவற்றுக்காகவும்தான்.

நீங்கள் விவரித்த பூஞ்சை உண்மையிலேயே மோசமானது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் முடிவு கிடைத்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். அது ஈரலைத் தின்னும். பொடியைத் தட்டிவிட்டாலும், கழுவினாலும், மொட்டை மாடியில் காய வைத்தாலும், வறுத்தாலும் போகாது. நம்மில் பலர் சாக்கில் பூசணம் கண்டால் ஒரு நாள் வெயில் காட்டிவிட்டு மறுபடியும் போட்டுவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன், அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். அந்த மூட்டையைத் தெருவில் கொட்டிவிடாதீர்கள். காக்கையும் ஆடும் தின்னும். இப்போதைக்கு மீதிப் புறாக்களுக்குக் கம்பும் கோதுமையும் மட்டும், வீட்டில் நீங்கள் சமைக்க வாங்கும் தரத்தில் கொடுங்கள்.

பெரம்பூர் நுகர்வோர் (ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 5:50)

ஐயா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நுகர்வோர் புகார்களில் பலருக்கு உதவி வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மூட்டையை அப்படியே வைத்திருங்கள். மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து எடுத்து ஒரு கிலோ தானியத்தைக் காகிதப் பையில் போட்டுத் தேதி எழுதிக் கட்டுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை மேலும் வளரும், பிறகு எதிர்த்தரப்பு உங்கள் வீட்டில்தான் கெட்டது என்று சொல்லிவிடும். மூட்டையின் தையல் வாய், இரண்டு ஒட்டுத்தாள்கள், ரசீது ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுங்கள். மேல் ஒட்டுத்தாளைக் கிழித்துப் பார்க்க ஆசை வரும். கிழிக்காதீர்கள், அதுவே உங்கள் வலுவான சான்று. பொதியின் மீது நிறுவனத்தின் பெயர், முகவரி, எடை, மாதம், ஆண்டு, விலை ஆகியவை இருந்தாக வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. மாதத்தின் மேல் மாதம் ஒட்டப்பட்டிருப்பதைத் தனியாக அவர்களிடமும் எழுதிக் கொடுங்கள்.

ஏழு நாட்கள் என்று அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே உங்கள் ரசீதை எடுத்து, அதில் ஏழு நாட்கள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும்கூட, குறைபாடுள்ள பொருளால் ஏற்பட்ட இழப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வழக்குத் தொடுக்கலாம். திரும்பப் பெறும் காலம் வேறு, வழக்குத் தொடுக்கும் காலம் வேறு.

இன்றே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கூடவே, அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவையில் பேசியதோடு இது முடிந்துவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதிலும் பயன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது இந்தச் சட்டத்தில் வந்த நல்ல மாற்றம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. நீங்கள் குஞ்சுகளை விற்பதுண்டா என்பதை மட்டும் நேர்மையாக யோசித்துக்கொள்ளுங்கள். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

உங்கள் இன்னொரு கேள்விக்கு என்னிடம் இருப்பது சட்டத்தின் பதில் மட்டுமே: பறவை உங்களுக்குக் கொடுக்கப்பட்டது, அனுமதி யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அது உங்களுக்குப் போதாது என்பது நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே தெரிகிறது.

கல்மண்டபம் வாசகி (ஞாயிற்றுக்கிழமை, காலை 6:20)

அண்ணா, நான் உங்கள் நண்பரின் இடத்தில் இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக் காலத்தில் நானும் என் தோழியும் ஒரு தெருநாயை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வளர்த்தோம். காலைச் சோறு அவள் வீட்டில், இரவுச் சோறு எங்கள் வீட்டில். ஈயத் தட்டு ஒன்றுதான். அதுவே அந்தத் தட்டை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போய் வரும். எனக்குத் திருமணமாகித் திருவொற்றியூருக்குப் போன பிறகு, ஒரு சீட்டுப் பணக் கணக்கில் எங்களுக்குள் பேச்சு நின்றது. நாய் இறந்ததை நான்கு மாதம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில் மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. சீட்டுப் பணத்தை என்றோ மறந்துவிட்டேன். எனக்குச் சொல்லியனுப்பத் தோன்றவில்லையே என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஒன்பது ஆண்டுகள் அவர் உங்களைக் கூப்பிடாமல் இருந்ததைக் கோபம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. புறா செத்தால் சொல்கிறேன் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களிடமிருந்து அழைப்பு வராத ஒவ்வொரு நாளும், அது உயிரோடு இருக்கிறது என்றுதான் அவருக்குப் பொருள். இப்போது நீங்கள் சொல்லாமல் விட்டால், இல்லாத புறா அவருக்கு இருந்துகொண்டே இருக்கும். அதற்கு நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது. அந்த மாடிச் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை மாடி (வியாழக்கிழமை, இரவு 9:30)

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அழைத்தேன். எண் மாறவில்லை. நான் பெயர் சொல்வதற்கு முன்பே அவன், "செத்துவிட்டதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தீவனத்தையும், வேப்பேரிக்குக் கொண்டு போகப் போவதையும் சொன்னேன். அறுக்கட்டும் என்றான், எதனால் போனது என்று தெரியாமல் இருக்கக் கூடாது என்றான். வளையத்தை மட்டும் கழற்றி வைக்கச் சொன்னான்.

அதன்பிறகு புயலுக்கு மறுநாளுக்கு மறுநாள் அது அவன் வீட்டு மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கேட்டான். படிக்கட்டுப் பக்கம் என்றேன். தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் ஏறி வரும் பக்கம் அது. அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து அவனே அழைத்தான். அன்று முதலில் அம்மாவைப் பற்றித்தான் கேட்க நினைத்ததாகவும், கேட்டு ஏதாவது தவறான பதில் வந்துவிடுமோ என்று பயந்து புறாவைக் கேட்டதாகவும் சொன்னான். அம்மா 2019ஆம் ஆண்டு காலமான செய்தி அவனுக்குத் தெரியாது. அதையும் அன்றுதான் சொன்னேன். புறாவுக்கு அழைத்த நான் அம்மாவுக்கு அழைக்கவில்லை. அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வேப்பேரியில் மருத்துவர் ஈரல் வீங்கி மஞ்சளித்திருப்பதையும், அதில் இரத்தக் கசிவுப் புள்ளிகள் இருப்பதையும் காட்டினார். பூஞ்சை நஞ்சோடு இது ஒத்துப்போகிறது, ஆனால் திசுவைச் சோதித்த பிறகே எழுதித் தர முடியும் என்றார். தீவனத்தின் ஒரு பகுதியை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அவர் சொன்னபடி அனுப்பியிருக்கிறேன். ஒன்பது புறாக்களும் இதுவரை நன்றாக இருக்கின்றன.

1915இல் பதிவு செய்த மறுநாளே நிறுவனத்திலிருந்து அழைத்து, 780 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், புகாரை மூடிவிடுங்கள் என்றார்கள். மூட முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கே, எப்போது பொதி செய்யப்பட்ட மூட்டை அது, அதே சரக்கு வேறு யாருக்கெல்லாம் போனது, அவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பினீர்களா என்று மூன்று கேள்விகளைக் குறைதீர் அலுவலருக்கு எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் வந்துவிட்டது, பதில் வரவில்லை. ரசீதில் ஏழு நாட்கள் என்று எங்கும் இல்லை. நான் இதுவரை ஒரு குஞ்சைக்கூட விற்றதில்லை.

பெரியவரிடம் ஒரு கேள்வி மீதியிருக்கிறது. செத்துப்போன பெட்டையின் பேத்தி இரண்டு முட்டைகளில் அடைக்கு இருக்கிறது. இரண்டாவது முட்டை இட்டு இன்றோடு ஏழு நாட்கள். நண்பன் முத்துநகர் விரைவு வண்டியில் சென்னைக்கு வருகிறான்; குஞ்சுக்குத் தன் கையால் வளையம் போட வேண்டும் என்கிறான். எந்த நாளுக்குப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லட்டும்?

கொருக்குப்பேட்டை பெரியவர் (வியாழக்கிழமை, இரவு 10:05)

தம்பி, இரண்டாம் முட்டையிலிருந்து பதினேழு, பதினெட்டு நாட்களில் பொரிக்கும். அப்படியானால் இன்னும் பத்து, பதினோரு நாட்கள். வளையம் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் போட வேண்டும். அதற்கு முன் போட்டால் கழன்று விழும், தாண்டிவிட்டால் விரல்கள் உள்ளே நுழையாது. இன்றிலிருந்து பதினெட்டாம் நாளுக்கு மேல் இருபதாம் நாளுக்குள் எடுக்கச் சொல்லுங்கள். குஞ்சு பொரித்த அன்று ஒரு முறை பேசி நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். தாய்ப்புறா அந்த மூட்டையிலிருந்து தின்றிருப்பதால், இரண்டில் ஒன்று கூமுட்டையாகப் போனாலும் போகலாம்; அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.